ஊருக்குச் சொல்லுமுன் உள்ளே இருப்பவர்களிடம் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படிக்கவும். என் பழைய மாணவர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 34 வருடம் உங்களைத் திட்டியே பழகியவள் நான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பி.காம். முடித்து ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறாள். ஆர்டர் எடுப்பது, கொட்டேஷன் போட்டு அனுப்புவது அவள் வேலை. மொத்தம் ஏழு பேர் இருக்கும் இடம். காபி கொடுத்தேன். குடிக்காமல் செல்போனை நீட்டினாள். "இதைப் படிங்க டீச்சர்."

அவளுடைய முதலாளி லிங்க்ட்இன்னில் எழுதிய பதிவு. "நாள் 212. எங்கள் வங்கிக் கணக்கில் இன்னும் 47 நாட்களுக்குத்தான் பணம் இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஆனாலும் மறைக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தது. ஆறாயிரம் பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள்.

"எங்க யாருக்கும் தெரியாது டீச்சர். நான் காலைல பஸ்ல வரும்போது படிச்சேன். ஆபீஸ் போனா எல்லார் முகமும் செத்துப்போய் இருக்கு. ரெண்டு மாசமா சம்பளம் வரலன்னு கேட்டப்ப, 'ஒரு பேமெண்ட் வரணும்மா'ன்னு சொன்னார். 47 நாள் கணக்கை எங்ககிட்ட சொல்லல. முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட சொல்லியிருக்கார்."

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க கமெண்ட்டும் பார்த்தேன் டீச்சர்" என்றாள்.

ஆமாம். அந்த ஆறாயிரம் பேரில் நானும் ஒருத்தி. முந்தைய நாள் இரவே படித்துவிட்டு, இதயம் போட்டு, "உன் நேர்மையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது கண்ணா" என்று எழுதியிருந்தேன். ஏனென்றால் அந்த முதலாளியும் என் மாணவன்தான். அவளுக்குப் பத்து வருடம் மூத்தவன்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டேன், இணையத்திலும் தேடிப் படித்தேன். இதற்கு 'பில்ட் இன் பப்ளிக்' என்று பெயராம். அதாவது, தொழில் தொடங்கிய நாளிலிருந்து வரவு, செலவு, வெற்றி, தோல்வி, அழுகை எல்லாவற்றையும் பொதுவில் எழுதுவது. அதைப் படிக்க ஒரு கூட்டம் சேரும். அந்தக் கூட்டமே பிறகு வாடிக்கையாளராகவும் முதலீட்டாளராகவும் வேலைக்கு வரும் ஆளாகவும் மாறும் என்று கணக்கு.

பையனுக்குப் போன் செய்தேன். அவன் சொன்னதையும் நியாயமாக எழுத வேண்டும்.

"டீச்சர், எங்கிட்ட விளம்பரத்துக்குக் காசு இல்ல. அப்பா பேரைச் சொல்லி பேங்க்ல கடன் வாங்க முடியாது. பெரிய இடத்துல தெரிஞ்சவங்க இல்ல. எனக்குன்னு இருக்கிறது என் கதை மட்டும்தான். அதைச் சொல்லித்தான் ஆள் சேர்க்க முடியும். நான் எழுதறதைப் படிச்சு எத்தனையோ பசங்க தைரியமா இறங்கறாங்க. மூடி மூடி வைக்கிறது பணக்காரங்க பழக்கம் டீச்சர்."

இதில் பொய் எதுவும் இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பேச ஒரு மேடை கிடைத்திருக்கிறது. அதை நான் பறிக்கச் சொல்லவில்லை. நம் சென்னையிலேயே அதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது.

ஃப்ரெஷ்டெஸ்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது அவருடைய டிவி உடைந்துவிட்டது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் இணையத்தில் பொதுவில் எழுதினார். உடனே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. வாடிக்கையாளர் சேவை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கு அப்போது உறைத்தது. பிறகு, ஜென்டெஸ்க் என்ற நிறுவனம் விலையை ஏற்றிவிட்டதைப் பற்றி இணையத்தில் யாரோ எழுதிய ஒரு கருத்தைப் படித்தார். வேலையை விட்டார். 2010இல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். இந்தக் கதையை அவரே வலைப்பதிவில் எழுதினார், உலகம் படித்தது. 2011இல் ஜென்டெஸ்க் தலைவர் ட்விட்டரில் "காப்பி அடித்தது" என்கிற மாதிரி ஏசியபோது, ஒரு தனி இணையப் பக்கமே திறந்து 'நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்' என்று பொதுவில் பதில் சொன்னார்கள். 2021 செப்டம்பர் 22 அன்று அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. பணியாளர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனதாக கிரீஷே சொன்னார்.

நம் பையன்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கேள்விக்குப் பதில் எழுதும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள். விட்டுப்போன பாதியை நான் சொல்கிறேன்.

முதலாவது, கிரீஷ் பொதுவில் சொன்னது அவருடைய டிவி, அவருடைய வேலை, அவர்மேல் வந்த பழி. எல்லாம் அவர் சொந்தச் சரக்கு.

இரண்டாவது, அவர் கதையைப் படித்தவர்கள் கணினித் துறைக்காரர்கள். அவர் விற்றதும் அவர்களைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய மென்பொருள். கதை கேட்டவனே கடைக்கும் வரக்கூடியவன். என் மாணவன் தொழில் என்ன தெரியுமா? எஸ்டேட்டில் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் பிடித்துத் தருவது. அவன் வாடிக்கையாளர் காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, லேத்துக்கு எண்ணெய் விட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் போனையே எடுப்பார். அவர் லிங்க்ட்இன்னில் இல்லை. அங்கே இவனைத் தொடரும் நாற்பதாயிரம் பேரும் இவனைப் போலவே ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்கள், அல்லது நடத்த ஆசைப்படுகிறவர்கள். "அந்த நாற்பதாயிரத்துல உனக்கு ஆர்டர் கொடுத்தவங்க எத்தனை பேர்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு பேர் விசாரிச்சாங்க டீச்சர்" என்றான். 212 நாள், தினமும் ஒரு மணி நேரம் எழுத்து. அந்த நேரத்தில் எஸ்டேட்டில் தெருவுக்கு ஒரு பட்டறை என்று ஏறி இறங்கியிருந்தாலே இருநூறு முதலாளிகளுக்கு அவன் முகம் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, 500 கோடீஸ்வரர்களைப் பற்றிப் பேசும் பிள்ளைகள் 2024 நவம்பரை மறந்துவிடுகிறார்கள். அதே நிறுவனம் சுமார் 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேரை, வேலையை விட்டு அனுப்பியது. அதே நேரத்தில் 40 கோடி டாலர் வரைக்கும் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப் போவதாகவும் அறிவித்தது. அப்போது கிரீஷ் தலைமைச் செயல் அதிகாரி இல்லை, வேறொருவர் இருந்தார். அது சரியா தவறா என்பது தனி விவாதம். நான் சொல்வது ஒன்றுதான். பயணக் கதையில் 500 பேருக்கு இடம் உண்டு, 660 பேருக்கு இல்லை. பொதுவில் சொல்லப்படும் கதை எப்போதும் சொல்கிறவருக்கு வசதியான இடத்தில் நின்றுவிடும்.

"அப்போ திறந்த மனசோட தொழில் நடத்தவே கூடாதா டீச்சர்?" என்று கேட்டான். நடத்தலாம். பஃபர் என்று ஒரு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனம். 2013 டிசம்பரில் தன் பணியாளர்கள் எல்லோருடைய சம்பளத்தையும், தலைவருடையது உட்பட, பொதுவில் வெளியிட்டது. இன்னாருக்கு ஏன் இவ்வளவு என்ற கணக்குச் சூத்திரத்தையும் சேர்த்து வெளியிட்டது. ஆனால் அது முதலில் உள்ளே திறந்த கணக்கு. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2016இல் பத்துப் பேரை அனுப்ப வேண்டி வந்தபோது, தாங்கள் எங்கே கணக்குத் தப்பினோம் என்று நிர்வாகம் தன் தவறைத்தான் எழுதியது.

அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். முதலில் உள்ளே, பிறகு வெளியே. என் மாணவன் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டான்.

47 நாள் என்பது அவனுக்கு ஒரு பதிவு. அவளுக்கு அது வீட்டு வாடகை, தம்பி கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் வட்டி. 47 நாள்தான் என்று முன்பே சொல்லியிருந்தால் அவள் வேறு வேலை தேடியிருப்பாள், அல்லது தெரிந்தே கூட நின்றிருப்பாள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவள் உரிமை. அதைக் கொடுக்காமல் ஊரார் கைதட்டலை மட்டும் வாங்கிக்கொண்டால் அதை நேர்மை என்று எப்படிச் சொல்வது? சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 பேருக்குக் குறைவாக இருக்கும் தொழிற்கூடத்தில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று 1936ஆம் வருடச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த விஷயம் இது.

இதோடு நிற்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் இன்னொரு பதிவு போட்டான். "என் பணியாளர் செய்த ஒரு தவறு எனக்குக் கற்றுத்தந்த 5 பாடங்கள்." ஒரு கொட்டேஷனில் புள்ளி இடம் மாறி, ஒரு உருப்படிக்கு 48 ரூபாய் என்று போக வேண்டியது 4.80 என்று போய்விட்டதாம். பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? ஏழு பேர் இருக்கும் இடத்தில் கொட்டேஷன் போடுவது ஒருத்திதான். எஸ்டேட்டில் அவள் பேசும் பட்டறைக்காரர்களில் ஒருவருக்கு யாரோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். "என்னம்மா, புள்ளி சரியா வச்சியா?" என்று போனில் சிரித்திருக்கிறார். அன்றோடு அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

காந்தியும் தன் வாழ்க்கையைப் பொதுவில் திறந்து வைத்தவர்தான். சத்திய சோதனையை 1925 முதல் 1929 வரை வாராவாரம் நவஜீவன் பத்திரிகையில் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளப் பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தில் குற்றவாளியாக நிற்பது கஸ்தூரிபா அல்ல, எழுதியவர். மனைவியின் தவறிலிருந்து நான் கற்ற ஐந்து பாடங்கள் என்று அவர் எழுதவில்லை.

பையனைச் சொல்கிறேனே, நான் மட்டும் யோக்கியமா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலாண்டுத் தேர்வு விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படித்துக் கொடுப்பேன். முதல் மதிப்பெண்ணுக்குக் கைதட்டல். கடைசித் தாளை வாங்க வருகிறவனுக்குச் சிரிப்பு. எதையும் மறைக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி நடத்துகிறேன் என்று எனக்குப் பெருமைகூட உண்டு. ஒரு நாள் கடைசித் தாள் பையனின் அம்மா பள்ளிக்கு வந்தார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கிக் கூட்டும் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை போடவில்லை. "மார்க்கு கம்மின்னா எங்கிட்ட சொல்லுங்க டீச்சர். நான் அடிக்கிறேன், படிக்க வைக்கிறேன். ஏன் ஊருக்குச் சொல்றீங்க? ஊரா வந்து அவனுக்குச் சொல்லிக் குடுக்கப்போவுது?" என்றார்.

அன்றோடு அந்த வழக்கத்தை விட்டேன். அதற்குப் பிறகு பணி ஓய்வு பெறும்வரை, விடைத்தாளைக் குப்புற வைத்துத்தான் கொடுத்தேன். குறைந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

வெளிப்படையாக இருப்பது வேறு, பலம் இல்லாதவனை வெளியே நிறுத்துவது வேறு. வகுப்பில் சாக்பீஸ் என் கையில் இருந்தது. அந்தப் பையனால் எழுந்து, "டீச்சர் நேத்து கணக்கைத் தப்பா போட்டாங்க" என்று சொல்ல முடியாது. அதேபோல, நாற்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் அவளால் எழுந்து, "ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார வச்சா புள்ளி இடம் மாறத்தான் சார் செய்யும்" என்று எழுத முடியாது. எழுதினால் அடுத்த வேலையும் கிடைக்காது.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னராக இருந்தார். மொத்தம் எட்டுப் பேர். ஒரு வருடம் ஆர்டர் படுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, எட்டுப் பேரையும் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினாராம். "இவ்வளவுதான் இருக்கு. மூணு மாசம் வாரத்துக்கு மூணு நாள் வேலைதான் தர முடியும். வேற இடம் கிடைச்சா போங்க, தப்பா நினைக்க மாட்டேன்." இரண்டு பேர் போனார்கள். ஆறு பேர் நின்றார்கள். என் கணவர் நின்றார். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் என் சம்பளத்தில்தான் ஓடியது. ஆனால் ஒரு நாளும் அவர் அந்த முதலாளியைத் திட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு ஃபாலோயர் யாரும் கிடையாது. அந்தக் கதையை அவர் எங்கும் எழுதவும் இல்லை. பட்டறை தப்பித்தது.

அதனால் பொதுவில் எழுதும் என் பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி. பதிவைப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது யாருடைய செய்தி? உன்னுடையது என்றால் தாராளமாக எழுது. இன்னொருவருடையது என்றால் அவரிடம் கேள்.

2. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? பணியாளர், கடன் கொடுத்தவர், வீட்டில் இருப்பவர். அவர்களிடம் சொல்லியாகிவிட்டதா?

3. இதில் வரும் ஆள், நீ எழுதும் அதே இடத்தில் பயமில்லாமல் உனக்குப் பதில் எழுத முடியுமா? முடியாது என்றால், அது அவரைப் பற்றிய பதிவாக இருக்கக் கூடாது.

இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் நாள் 212 அல்ல, நாள் 2,012 வரைக்கும் எழுது. முதல் ஆளாக நான் படிக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டான். மரியாதையான பையன். மறுநாளே அந்தப் புள்ளிப் பதிவை நீக்கிவிட்டான். சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே புதுப் பதிவு வந்துவிட்டது. "நான் ஏன் ஒரு பதிவை நீக்கினேன்: என் ஆசிரியை கற்றுத்தந்த 3 பாடங்கள்." நாலாயிரம் பேர் விரும்பியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இந்த முறை நான் இதயம் போடவில்லை.

சிலர் கேட்பீர்கள், நீங்களும் இதைப் பொதுவில்தானே எழுதுகிறீர்கள் என்று. சரியான கேள்வி. இந்தப் பதிவை முதலில் அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில், "அதை எடுத்துடுங்க டீச்சர், யாருன்னு தெரிஞ்சிடும்" என்றாள். எடுத்துவிட்டேன். பிறகு அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "போடுங்க டீச்சர்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவன் விரும்பினால் இங்கேயே வந்து என்னை மறுத்து எழுதட்டும். அவனால் முடியும். என்னைவிட அவனுக்குக் கூட்டம் அதிகம்.

அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்துவிட்டது. இன்னொரு மாதம் பாக்கி. கண்ணா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அதைக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் போன் செய். பதிவு போட வேண்டாம்.